கொழுந்தனின் முடிச்சு

எங்கள் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு மூங்கில் கழி குறுக்காகக் கிடக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் பதித்த இரும்பு வளையங்களில் செருகிய கழி. ஒரு காலத்தில் அதன் கீழே விறகடுப்பு இருந்தது. இப்போது கேஸ் அடுப்பு. கழி மட்டும் அப்படியே இருக்கிறது, புகையும் கொழுப்பும் குடித்துக் குடித்து நாவல்பழ நிறத்தில். அதன் நடுவில் ஒரு சணல் கயிற்று வளையம். எதையோ கட்டித் தொங்கவிட்டு, பிறகு கீழ்ப்பக்கம் மட்டும் அறுத்தெடுத்த மிச்சம். போன மாதம் வெள்ளையடிக்க வந்தவர், "இத்த அறுத்துப் போட்டுடட்டுமா மேடம், அசிங்கமா தொங்குது" என்று கத்தியோடு ஏணியில் ஏறிவிட்டார். "கயித்துல கைய வெச்சீங்கன்னா அதோட வேலைய நிறுத்திட்டுப் போயிடுங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். அவர் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. சாதாரணச் சணல் கயிறு எப்படி உலர்ந்திருக்குமோ அப்படி. அதை நான் ஏன் தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. எங்கள் ஊர்ச் சாமி பன்றி முகத்தோடு, இடுப்பில் கை வைத்து நிற்பவர். கடலுக்குள் போய்விட்ட பூமியைத் தேடி இறங்கி, தூக்கிக்கொண்டு மேலே வந்தவர். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு, மீன் இல்லாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. ஆனால் பன்றி என்ற சொல்லை அடுப்படியில் சொன்னால் அம்மா கரண்டியைத் தூக்குவாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து, கடலூரில் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த ஒரு வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு வீடும் ஒரே சனம்தான், சாமிதான் வேறு. அதனால் கூச்சல் சீக்கிரம் அடங்கிவிட்டது. இரண்டாயிரத்து நான்காம் வருடம் தை மாதம், செம்மண்டலத்தில் இருக்கும் இந்த வீட்டுக்குள் காலடி வைத்தேன். மாமனார் முன்பே இறந்துவிட்டிருந்தார். மாமியார், என் கணவர், அவருடைய தம்பி, இவ்வளவுதான் வீடு. அந்த ஆவணியில் கொழுந்தனுக்கும் கல்யாணம் ஆயிற்று. பெண் சிதம்பரம். மாமியார் வாயில் நான் பெரியவள், அவள் சின்னவள். எங்களைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது வருடத்தில் ஒரே ஒரு நாள்தான்.

அந்த நாள் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் வரும், கிறிஸ்துமஸுக்குச் சாசேஜ் கட்டும் நாள். மாமியார் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமானவர், ஒல்லி, அதிகம் பேசமாட்டார், பேசினால் நறுக்கென்று இருக்கும். பன்றிக்கறியை மெஷினில் அரைக்க விடமாட்டார். கத்தியால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்க வேண்டும், கொழுப்பு தனி, கறி தனி. காய்ந்த மிளகாய், மிளகு, பூண்டு, சீரகம், பட்டை, கிராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் புதுச்சேரியிலிருந்து வரும் தென்னங்கள்ளு வினிகர், அவர்கள் பேச்சில் காடி, விட்டு அரைத்து, கல்லுப்போடு பிசைந்து, முதல் நாளே மண்சட்டியில் ஊற வைத்துவிடுவார். குடலை உப்பும் மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு, உள்ளும் புறமும் திருப்பித் திருப்பி வெளுக்கும்வரை கழுவுவார். பித்தளைப் புனலில் குடலின் வாயை மாட்டி, கட்டைவிரலால் கறியைத் தள்ளிக்கொண்டே வந்து, ஒரு சாண் நிறைந்ததும் சணலால் ஒரு கட்டு. தொப்புள்கொடி கட்டிப் பழகிய கை. ஒரு கட்டும் நழுவாது. நான் பின்வாசல் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போகாமல் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பயமும் அருவருப்பும் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

ஒவ்வொரு கட்டுப் போடும்போதும் ஒரு பெயர் சொல்வார். அப்படிப் பெயர் சொல்லிக் கட்டிய துண்டுக்குத்தான் அந்த வீட்டில் முடிச்சு என்று பேர்: பெரியவன் முடிச்சு, சின்னவன் முடிச்சு. ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொடக் கூடாது. உரியவர் தன் கையால் எடுத்துக் கொடுத்தால் மட்டும் அடுத்தவர் தின்னலாம். "எங்க அம்மாவோட மாமியார் வூட்டுல சாப்புடற வாய் ஜாஸ்தி. ஒருத்தன் தின்னதையே திரும்பத் தின்னுட்டு இல்லைன்னு சத்தியம் பண்ணுவான். அதுக்காகக் கட்டின சட்டம்" என்று என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமியார் சிரிக்கவில்லை. என் பெயரைச் சொல்லி ஒரு முடிச்சுப் போட்டார். நான் பதறிப்போய், "அத்தே, நான்தான் சாப்புடமாட்டேனே" என்றேன். "நீ தின்னாட்டி போற. உன் பேருக்கு ஒண்ணு தொங்கணும். தொங்கலைன்னா நீ இந்த வூட்டு ஆள் இல்லைன்னு ஆயிடும்" என்றார். பிறகு அந்தச் சரத்தை எடுத்துப் போய் அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் கட்டினார்கள். எங்கள் ஊர்ச் சாமியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் நின்று சமைக்கவே கொஞ்ச நாள் கூசியது.

சாசேஜில் எத்தனை தினுசு உண்டு என்பதை நான் அவர்கள் சண்டையில்தான் தெரிந்துகொண்டேன். புதுச்சேரியில் இருந்த மாமியாரின் அக்கா வீட்டில் மிளகாயைக் குறைத்து ஒயின் ஊற்றிச் செய்வார்கள். வெள்ளைக்காரன் நாக்குக்குப் பண்ணது என்று மாமியார் அதைத் தள்ளிவிடுவார். கோவாவில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்தது செபமாலை மணி மாதிரி குட்டிக் குட்டியாக, கருஞ்சிவப்பாக, புளிப்பு தூக்கலாக இருக்கும். கடலூர்ச் சரக்கு புகையில் தொங்கித் தொங்கி, வெளியே தோலாக இறுகி, மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது. சின்னவள் பிறந்த வீட்டில் வேறு விதம். காடி கிடையாது, புகை கிடையாது. பச்சைச் சின்ன வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் அரிந்து போட்டு, கட்டின கையோடு சுட்டு, அன்றைக்கே தின்றுவிட வேண்டியது. "வெங்காயம் போட்டா நாளைக்கே நாறிப் போயிடும்டி" என்று மாமியார் சொன்னால், "நாளைக்கு எதுக்கு அத்தே வெக்கணும், இன்னைக்கே தின்னுட்டா போவுது" என்பாள் அவள். கொழுந்தன் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டி, யார் வாயிலும் விழாமல் தப்பித்துக்கொள்வான். கலகலவென்று இருப்பவன். என்னை அண்ணி என்று கூப்பிடும்போதே ஒரு கேலி இருக்கும்.

அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்து அவரவர் முடிச்சை அறுத்துக் கொடுத்தார் மாமியார். என்னுடையதை நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் எடுத்து என் கணவர் தட்டில் போட்டேன், வீடே சிரித்தது. கொழுந்தன் மட்டும் தன் முடிச்சை அறுக்க விடவில்லை. "எனக்கு இன்னைக்கு வேணாம்மா. நாளைக்குக் காலையில கடல்ல குளிச்சிட்டு நல்லாப் பசியோட வந்து தின்றேன். எல்லாம் தீந்துபோயி நீங்க வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றான். மறுநாள் காலை கூட்டாளிகளோடு தேவனாம்பட்டினம் போனான். அன்றைக்குத்தான் கடல் ஊருக்குள் வந்தது.

தேடினோம். என் கணவர் கடற்கரை ஓரமாகவே பரங்கிப்பேட்டை வரை போய் வந்தார். ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த உடல்களை மாமியாரே ஒவ்வொன்றாகப் பார்த்தார். நர்ஸாக இருந்தவர் என்பதால் உள்ளே விட்டார்கள். கூடப் போன கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள், இவன் கிடைக்கவில்லை. எல்லாம் ஓய்ந்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது, கழியில் ஒற்றை முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். அழுகை வருவதற்குள் மாமியார் அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார். "வந்து தின்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். உசுரோட இருக்கறவனுக்கு அழுதா அவன் ஆயுசு குறையும். இந்த வூட்டுல ஒருத்தரும் அழக் கூடாது" என்றார். கல்யாணமாகி நான்கு மாதம் ஆகாத பெண். அந்தக் கைக்கு மேலே அவள் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கு விழுங்கினாள், விழுங்கியதுதான்.

மாமியார் அப்படி நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. மாமனார் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம், அவர் பெயருக்குக் கட்டிய முடிச்சு மட்டும் திடீரென்று பச்சையாகப் பூத்து நாறியதாம். மற்றவை நன்றாகத்தான் இருந்தனவாம். மாமியார் அதை இறக்கிக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவும்போது, மாமனார் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னார்கள். ஆள் இருந்தால் முடிச்சு நிற்கும், ஆள் போனால் முடிச்சு கெடும். இதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை, எங்களுக்குத் தெரியும். கொழுந்தனுடைய முடிச்சு அடுத்த டிசம்பர்வரை கெடவில்லை. சுருங்கி, இறுகி, கட்டையாகிவிட்டது. புதுச் சரம் கட்டும்போது அவன் பெயருக்கும் ஒரு முடிச்சுப் போட்டார். பழையதை வெள்ளைத் துணியில் சுற்றி, அவன் சட்டைகள் இருந்த தகரப் பெட்டியில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் இப்படியே நடந்தது. அந்தப் பெட்டியைத் திறந்தால் சட்டையில் மிளகும் கிராம்பும் புகையும் கலந்த ஒரு வாசனை வரும். அது ஒரு ஆளின் வாசனையாகவே ஆகிவிட்டது. சில நாள் பெட்டி பூட்டியிருக்கும்போதே கூடத்தில் அந்த வாசனை கடந்து போகும். போகும், நிற்காது. சின்னவள் நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு கையில் இருந்த வேலையைச் செய்வாள்.

ஒரு மத்தியானம் மாமியார் என்னிடம், "ஏம்மா பெரியவளே, உங்க சாமி கடலுக்குள்ள போன பூமியையே தூக்கியாந்தாருன்னு சொன்னியே, ஒரே ஒரு ஆளைத் தூக்கியார மாட்டாரா?" என்று கேட்டார். சாதாரணமாக, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். அவர் கேட்டதற்காகவே ஸ்ரீமுஷ்ணம் கூட்டிப் போனேன். கோயில் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வர மறுத்துவிட்டார். தன் கைகளை முகர்ந்து பார்த்தார். "இந்தக் கையோட நான் எப்படி வர்றது. நீ போயி கேட்டுட்டு வா, நான் இங்கயே நிக்கறேன்" என்றார். நான் உள்ளே போனேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. சாமி இடுப்பில் கை வைத்தபடி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான் நிற்பார், சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் நான் கேட்டதால் திருப்பிக்கொண்டார் என்று தோன்றியது.

வருடங்கள் போயின. அரசாங்கக் கணக்கில் கொழுந்தன் இறந்தாயிற்று. பங்குச் சாமியாரும், அந்தப் பெண் விருப்பப்பட்டால் மறுமணம் செய்து வைக்கத் தடை இல்லை என்று சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் சின்னவளின் அப்பா ஒரு வரன் பார்த்தார். மனைவியை இழந்தவர், அமைதியான மனிதர், கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை. சின்னவள் பிறந்த வீட்டுக்குப் போனபோது அவரைப் பார்த்துப் பேசியிருந்தாள். திரும்பி வந்து என்னிடம் மட்டும், "நல்லாத்தான்க்கா பேசறாரு" என்றாள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மாமியார் வாயால் போ என்று சொல்லாமல் அவள் போகமாட்டாள். தன் அம்மாவை விட இவரோடுதான் அவள் அதிகம் ஒட்டியிருந்தாள். ஒரே ஆளுக்காக இரண்டு பேரும் காத்துக்கிடந்ததால் வந்த ஒட்டுதல். அவள் அப்பா வந்து கேட்டபோது மாமியார் கோபப்படவில்லை. கழியைக் காட்டினார். "நானும் பொம்பளதான், அவ கஷ்டம் எனக்குத் தெரியாதா. அது கெடட்டும் சம்பந்தி, அன்னைக்கே நானே அனுப்பி வெக்கறேன்" என்றார். அந்த மனிதர் ஒற்றைச் சாசேஜை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த டிசம்பரில், அதாவது இரண்டாயிரத்துப் பத்தில், கறி அடைக்கும் வேலையைச் சின்னவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாமியாருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. கட்டுவதும் பெயர் சொல்வதும் மட்டும் அவர். நான் வழக்கம்போல நிலைப்படியில். கடைசியாக ஒரு பிடிக் கறி மிஞ்சியிருந்தபோது சின்னவள் எழுந்து, "கை கழுவிட்டு வரேன் அத்தே" என்று சட்டியைத் துணி துவைக்கும் கல்லுக்கு எடுத்துப் போனாள். அங்கே மடியிலிருந்து எதையோ எடுத்துச் சட்டியில் கொட்டிப் பிசைந்தாள். சின்ன வெங்காயம், பச்சையாக அரிந்தது. கொத்தமல்லித் தழை. கறியை நீரில் அலசிக் காடியைப் போக்கிவிட்டிருந்தாள் என்பதையும் பார்த்தேன். தலையைத் தூக்கியபோது என் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. "ஒரு வாரம்கூடத் தாங்காதுக்கா" என்றாள், உதடு மட்டும் அசைய. திரும்பி வந்து அதைக் குடலில் அடைத்தாள். மாமியார் கொழுந்தன் பெயரைச் சொல்லி முடிச்சுப் போட்டார். வெங்காய வாசனை எனக்கே வந்தது. மற்ற மசாலா வாசனையில் அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அது கெடவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று, கெடவில்லை. பங்குனி வெயிலில் வீட்டில் வைத்த குழம்பு மத்தியானத்துக்குள் ஊசிப் போனது. அது அப்படியே தொங்கியது. வேறு வருடங்களில் சுருங்கிக் கட்டையாகும். இந்த முடிச்சு சுருங்கக்கூட இல்லை. கட்டிய அன்று இருந்த மொழுமொழுப்போடு, தோல் பளபளவென்று, கொஞ்சம் பருத்த மாதிரிகூட இருந்தது. வாசனை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. எறும்பு கழியில் ஏறி அந்தக் கயிறுவரை வந்து, நின்று, திரும்பிப் போகும். பக்கத்து வீட்டுப் பூனை சமையலறைக்குள் வந்து அதன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும், தாவாது. யாராவது பின்னால் வந்து நின்றதுபோலச் சட்டென்று எழுந்து ஓடும். ஜன்னல் சாத்தியிருக்கும்போது அது மெல்ல ஆடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் கணவர், "குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனிக் காத்து அடிச்சா புழுகூட இந்தப் பக்கம் வராதும்மா, அதான்" என்று கிண்டல் செய்வார். ஆனால் அவரும் அதைப் பார்க்காமல்தான் அடுப்படியில் தண்ணீர் குடிப்பார். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் மாமியார் அதன் கீழே வெகுநேரம் நின்றார். மகன் உயிரோடிருக்கிறான் என்ற சந்தோஷம் அந்த முகத்தில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரியில் எதையோ பார்த்துவிட்டு வெளியே சொல்ல முடியாத நர்ஸின் முகமாக இருந்தது.

சின்னவள் சோறு தின்பதைக் குறைத்துவிட்டாள். "அவருக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. நான் என்னா பண்ணேன்னு தெரிஞ்சு போச்சு. கோவமா இருக்காரு. விடமாட்டாரு" என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. "பைத்தியம் மாதிரி பேசாத. உப்பு ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்றேன். "நீங்கதான பாத்தீங்க, அலசிட்டுத்தான போட்டேன்" என்றாள். மாமியார் யாரும் பார்க்காதபோது புதிதாகச் செய்து மாற்றி வைக்கிறாரோ என்றுகூட நினைத்து, கயிற்றைக் கவனித்துப் பார்த்தேன். சின்னவள் கையில் ஒட்டியிருந்த கொத்தமல்லித் தழை ஒன்று அந்தச் சணல் முடிச்சுக்குள் சிக்கியிருந்தது. மாதங்கள் ஆகியும் பச்சையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் மேலே பார்ப்பதை விட்டுவிட்டேன். சிதம்பரத்திலிருந்து அவள் அப்பா போன் செய்து, பொங்கலுக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், மாப்பிள்ளை வீட்டில் இதற்கு மேல் காத்திருக்கமாட்டார்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சின்னவள் என்னிடம் சொன்னாள். அந்த டிசம்பரில் மாமியார் எல்லோருக்கும் முடிச்சுக் கட்டினார், கொழுந்தனுக்குக் கட்டவில்லை. "போன வருசத்துதே நல்லாத்தான இருக்குது" என்றார். குரலில் சலிப்பு இருந்தது.

அந்த வருடம் முடியும் தறுவாயில் புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டது. விடிந்து கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை, மரம் மரமாகக் கிடந்தது. எங்கள் சமையலறையின் ஓட்டுக் கூரை மொத்தமாகப் போய்விட்டிருந்தது. பாத்திரம் பண்டம் எல்லாம் தோட்டத்தில். நான்கு சுவரும், குறுக்கே கழியும் மட்டும் நின்றன. கழியில் அந்த முடிச்சு, மழையில் குளித்து, திறந்த வானத்தின் கீழே தொங்கியது. சுவர் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து அதையே பார்த்தது, கொத்தவில்லை. மாமியார் வந்து நின்றார். முடிச்சைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். அவள் நனைந்த சுவரில் சாய்ந்து, இடுப்பெலும்பு தெரிய, ஒரு வருடத்தில் பாதியாகிப் போய் நின்றாள். "பெரியவளே, கத்தியக் கொண்டா" என்றார் மாமியார். என் கணவரை ஸ்டூலில் ஏறவிடவில்லை. தானே ஏறி, கயிற்றின் கீழ்ப்பக்கத்தை அறுத்து, முடிச்சை இரண்டு கையிலும் ஏந்தி இறக்கினார். பிறந்த பிள்ளையை அப்படித்தான் ஏந்தியிருப்பார்.

தோட்டத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினார். விறகெல்லாம் ஈரம். தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் திறந்து, துணியில் சுற்றியிருந்த பழைய முடிச்சுகளை ஒவ்வொன்றாக நெருப்பில் வைத்தார். கொழுப்பு ஏறிய கட்டைகள். நீலமாகப் பிடித்து எரிந்தன. சட்டியில் அந்த முடிச்சை வைத்தபோது சீறவில்லை, பொரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. வெந்ததும் தட்டில் எடுத்துக் கத்தியை வைத்தார். தோல் விலகியதும் தோட்டம் முழுக்க வெங்காய வாசனை வந்தது. அன்று காலையில் அரிந்த வெங்காயத்தின் வாசனை. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. "சின்னவளே, இங்க வா" என்றார் மாமியார். "எடுத்துக் குடுக்க அவன் இல்ல. அவன் கட்டினவ நீ இருக்க. உன் கையால எனக்குக் குடு." அவள், "வேணாம் அத்தே, கெட்டிருந்தா உங்க ஒடம்புக்கு ஆவாது" என்றாள். "ஒரு வருசமா கெடாதது இப்பவா கெடப் போவுது. குடு" என்றார். அவள் ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மாமியார் வாயில் போட்டு மெதுவாக மென்றார். "வெங்காயம் போட்டிருக்க" என்றார். சின்னவள் தரையைப் பார்த்தபடி, "ஆமா அத்தே" என்றாள். அடிப்பாரா, சாபம் விடுவாரா, ஒன்றும் தெரியவில்லை. மென்று விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார். அவள் வைத்தாள். அதையும் விழுங்கினார். "இன்னைக்கே தின்னுடணும், நாளைக்கு வெக்கக் கூடாதுன்னு நீ வந்த வருசமே சொன்ன. நான்தான் கேக்கல" என்றார். முழு முடிச்சையும் அப்படியே அவள் கையால் வாங்கித் தின்று முடித்தார், ஒரு துணுக்கு மிச்சமில்லாமல். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "என் வயித்துலேந்து வந்தவன். இங்கயே இருக்கட்டும். உன் பின்னாடி வரமாட்டான், நான் பாத்துக்கறேன். பஸ்சு வுட்டதும் நீ சிதம்பரம் போ" என்றார். சின்னவள் அப்போதும் அழவில்லை. அவர் முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

வைகாசியில் கல்யாணம். மாமியார் சிதம்பரம் போய், பெண்ணுக்கு இன்னொரு அம்மாவாக நின்று வந்தார். கூரை புதிதாகப் போட்டோம், விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்தோம். கழியையும் அறுந்த கயிற்று வளையத்தையும் எடுக்க மாமியார் சம்மதிக்கவில்லை. முதல் மழைக்கு அந்த வளையத்திலிருந்து ஒரு சொட்டுச் சிவப்புக் கொழுப்பு, கொதிக்கும் பாலில் விழுந்தது. கழிக்குள் ஊறியது ஈரத்துக்குக் கசிகிறது என்றார் என் கணவர். இருக்கலாம். ஆனால் கழியில் வேறெங்கும் கசியவில்லை. அந்த வளையத்தில் மட்டும்தான், கீழே ஒன்றுமே தொங்காத வளையத்தில். மழை இல்லாத நாளிலும் சொட்டியது. நான் பாலை அந்தப் பக்க பர்னரில் வைப்பதை விட்டேன். சொட்டு விழும் சத்தம் கேட்டால் மாமியார் எந்த அறையில் இருந்தாலும் அவர் கை தானாக வயிற்றுக்குப் போகும். "இருடா" என்பார், தூளிப் பிள்ளையிடம் சொல்வதுபோல. எனக்கு அதைக் கேட்கும்போது பயமாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும். அந்த டிசம்பரில் முடிச்சுக் கட்டும் நாளுக்கு முன்பே, மத்தியானத் தூக்கத்தில் அவர் போய்விட்டார். வயிற்றின் மேல் இரண்டு கையும் கோத்திருந்தன. பிரிக்க முடியாமல் அப்படியே பெட்டியில் வைத்தோம்.

சின்னவள் வயிற்றுப் பிள்ளையோடு வந்திருந்தாள். அடக்கம் முடிந்து திரும்பியதும் வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்பைப் பற்ற வைத்தேன். பழக்கத்தில் பால் பாத்திரத்தை அந்தப் பக்க பர்னரிலிருந்து தள்ளி வைத்தேன். வெளியே நல்ல மழை. பால் பொங்கும்வரை நின்றேன், எதுவும் விழவில்லை. சின்னவள் என் பின்னால் வந்து நின்று மேலே பார்த்தாள். போனில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, எட்டி, அந்த வளையத்தைத் தொட்டாள். விரலை விளக்கில் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"காஞ்சு போச்சுக்கா" என்றாள். "அத்தே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்து, அவன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் கொழுந்தனுக்காக ஒருவர் அழுதது.